பீங்கான் தொட்டியில் மூன்று குருவிகள்

மூன்றாவது குருவியும் தொட்டித் தண்ணீரில் செத்து மிதந்த அன்று சுப்புராயனுக்கு வந்த கோபம் பல் விளக்கக்கூட விடவில்லை. நேராக வேலியோரம் போய், பக்கத்து வீட்டு அமிர்தத்தின் வாசலைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கத்தினார். குருவிக்கு வைக்கும் தண்ணீரால்தான் கொசு வருகிறது என்று போன மாதம் அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. அவள் வீட்டுச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கிடந்ததையும் கண்ணால் பார்த்திருந்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

தன் தொட்டியில் குறை இருக்க வழியே இல்லை என்பது அவர் கணக்கு. தினம் விடிந்ததும் பழைய தண்ணீரைக் கவிழ்ப்பார். எச்சத்தைச் சுரண்டி, தேங்காய் நாரால் பாசி போகத் தேய்ப்பார். சோப்பு தொடமாட்டார். புதுத் தண்ணீரை முக்கால் தொட்டிக்கு ஊற்றிய பிறகுதான் டீ. முட்டை வைக்க எந்தக் கொசுவுக்கு அங்கே நேரம் இருக்கிறது? அதுவும் எப்பேர்ப்பட்ட தொட்டி! பழைய மண் தாழி பங்குனியில் உடைந்துபோக, தான் முப்பது வருஷம் உழைத்த பீங்கான் பட்டறைக்கே போய், தன் கையாலேயே, பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தது. ஒரு தடவை முக்கினால் போதும். இவர் இரண்டு தடவை முக்கினார். சூளையிலிருந்து வெளியே வந்தபோது அதில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

குருவியைக் கொன்று தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அமிர்தம் கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. போலீசை நம்பமாட்டார், வார்டு ஆளை நம்பமாட்டார். அவர் நம்பியது மணவாளநல்லூர்ச் சாமி கொளஞ்சியப்பர் ஒருவரைத்தான்.

"சாமிகிட்ட உம்பேருல பிராது கட்டப்போறேன். அங்க பதில் சொல்லிக்க."

ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நகை திருட்டுப் போனாலும் பங்காளி ஏமாற்றினாலும் காகிதத்தில் எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும். சுப்புராயனுக்குக் கையெழுத்துக்குமேல் எழுத வராது. கோயிலில் பிராது எழுதித் தந்தவரிடம் அமிர்தத்தின் பேரை இரண்டு தரம் சொன்னார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்படியும் மனசு ஆறாமல், வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டி மறுபடி வாசிக்கச் சொன்னார். பேர் சரியாகத்தான் இருந்தது. கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று உச்சிவெயிலில் முருங்கை மறைவில் தடியோடு உட்கார்ந்தார். அமிர்தத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. மனித நடமாட்டமே இல்லை. ஒரு தவிட்டுக்குருவிக் குஞ்சு வந்து விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்தது. குனிந்ததுதான், கால் வழுக்கி உள்ளே விழுந்தது. இறக்கையை அடித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து நகத்தால் பற்றப் பார்த்தது. வழுக்கியது. மறுபடி பற்றியது, மறுபடி வழுக்கியது.

தடியைப் போட்டுவிட்டு ஓடி அதை அள்ளினார். உள்ளங்கையில் அது வெடவெடவென்று நடுங்கியது. நிழலில் விட்டுவிட்டு வந்து, தொட்டியின் உள்பக்கம் விரலை ஓட்டினார். வெண்ணெய்போல ஓடியது. மண் தாழி சொரசொரப்பு, ஆழமும் கிடையாது. அதில் ஒரு குருவிகூடச் செத்ததில்லை. 'இதுக்கு ரெண்டு தடவ முக்குனியே, அறிவுகெட்டவனே' என்று தன்னையே ஏசினார். பீங்கானின் அடி தேய்க்கும் சாணைக்கல்லை எடுத்துவந்து, பொழுது சாயும்வரை உள்பக்கத்தைச் சொரசொரப்பாகும்படி அழுத்தித் தேய்த்தார். குருவி ஏறி வர ஓட்டுச் சில்லுகளை உள்ளே சரிவாக அடுக்கினார். தண்ணீர் இரண்டு விரல் உயரம் மட்டும் ஊற்றினார்.

தொட்டி சரியாயிற்று, பிராது அப்படியே நிற்கிறது. பாவமறியாதவள் பேர் சாமி முன்னால் தொங்குகிறது. விடிந்ததும் பஸ் பிடித்துப் போய் வாபஸ் வாங்கினார். அந்த இடத்தில் தன் பேரை எழுதச் சொன்னார். தன்மேல் தானே பிராது கட்டும் வழக்கமில்லை என்றார் எழுதுகிறவர். அடுத்தவனைச் சொல்ல மட்டும் காகிதம் இருக்கிறதா என்று அவரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார்.

வேலியோரம் அமிர்தம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, வாபஸ் வாங்கிவிட்டதாகவும் தப்பு தொட்டியில்தான் என்றும் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்பேரச் சொல்றப்ப தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. இப்ப வேலியோரமா வந்து முணுமுணுக்கறீங்களேண்ணே."

அவருக்குச் சுருக்கென்றது. நேராகக் குழாயடிக்கு நடந்தார். ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள்.

"அமிர்தத்து மேல குத்தமில்ல. மூணு குருவியயும் கொன்னது என் தொட்டி. நான் முக்குன வழவழப்பு."

யாரோ சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் முறைத்தார். பின்னாலேயே வந்திருந்த அமிர்தம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாண்ணே. கடைசி வூட்டுக்குக் கேக்கல."

முகம் கடுகடுக்க, இன்னொரு தரம், தொண்டை கமறும்படி சொன்னார்.