நாலு சுவரிலும் அத்தான்

பல் டாக்டரம்மாவுக்குத் தொலைநோக்கி ஆசை வானத்தைப் பார்த்து வந்ததல்ல. அக்காள் புருஷனைப் பார்த்து வந்தது.

வானியல் சங்கத்தின் தலைவர் அவர். நிலாவே தன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தேய்கிறது என்பதுபோல் நடப்பார். ஒரு சங்கக் கூட்டத்தில், தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்யப்போவதாக இவள் வாயை விட்டுவிட்டாள். அவர் உடனே மைக்கைப் பிடித்தார்.

"எங்க கொழுந்தியாவுக்குச் சொத்தைப் பல்லைக் குடைஞ்சு அலுத்துப்போச்சு. இனிமே நிலாவுல இருக்கற குழியெல்லாம் அடைக்கப்போறாங்க!"

அரங்கமே குலுங்கியது. பின்வரிசையில் கூடப்பிறந்த அக்காளும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். டாக்டரம்மா அங்கேயே கறுவிக்கொண்டாள்: இதே அரங்கில், இதே கூட்டத்துக்கு முன்னால், அந்த வாயாலேயே 'பிழையில்லை' என்று சொல்லவைக்க வேண்டும்.

வீட்டுப் பின்னறையில் ஒரு பீப்பாய் வந்து உட்கார்ந்தது. அதன்மேல் ஒரு கண்ணாடி வட்டு. அதில் ஈரமான அரைக்கும் பொடி. பொடியின்மேல் இன்னொரு வட்டு. மேல்வட்டைத் தள்ளி இழுக்க, அது மெல்லக் குழியும். எதிர்ச் சுவரில் சங்க மலரிலிருந்து வெட்டிய அத்தானின் படம். தள்ளும்போது ஒரு வசவு, இழுக்கும்போது ஒரு வசவு.

"யார் பல்லை இந்த ராவு ராவுற?" என்று எட்டிப்பார்த்தார் வீட்டுக்காரர்.

"உங்க சகலையோடத."

மெருகேற்றிச் சோதித்தாள். புள்ளியாய் விழவேண்டிய வெளிச்சம் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீண்டு கிடந்தது. கண்ணாடி எல்லாப் பக்கமும் ஒரேபோல் குழியவில்லை. பீப்பாயைச் சுற்றிவந்து தேய்த்தால்தான் அழுத்தம் சமமாக விழும் என்பதுதான் புத்தகத்தில் முதல் பாடமே. படித்திருந்தாள். ஆனால் சுற்றிவந்தால் பாதி நேரம் அத்தானுக்கு முதுகைக் காட்டவேண்டுமே? முதுகைக் காட்டிக்கொண்டு திட்டுவதில் என்ன ருசி? அதனால் நின்ற இடத்திலேயே நின்று, முறைத்து முறைத்துத் தேய்த்துவிட்டாள்.

"படத்தைக் கழட்டிடேன்."

"கழட்டினா கை ஓடாது."

"அப்ப நாலு சுவத்துலயும் மாட்டிக்கோ," என்றார் அவர் கிண்டலாக.

மறுநாள் மாட்டிவிட்டாள். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அத்தான் இளித்தார். பொடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். வன்மம் சுற்றிச் சுற்றிச் சமமாக இறங்கியது. வெளிச்சம் புள்ளியாயிற்று.

சங்கத்தில் சோதனை நாள். கண்ணாடிக்கு எதிரே விளக்கும் பிளேடும் வைத்தால், அதிலுள்ள மேடுபள்ளமெல்லாம் நிழலாகத் திரையில் விழும். தலைவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, தன்னடக்கத்தின் அருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய கட்டைவிரல் கண்ணாடியின் முகத்தில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தாள். எச்சரிக்க வாயைத் திறந்தாள். பிறகு, பேசட்டும் என்று மூடிக்கொண்டாள்.

ஒருவழியாகக் கண்ணாடியைத் தாங்கியில் வைத்தார்கள். திரையில் ஒரு புடைப்பு தெரிந்தது.

"பாத்தீங்களா மேட்டை! கடைவாய்ப்பல்லு மாதிரி நிக்குது!"

சிரிப்பு.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அத்தான். கண்ணாடியில மேடு, உறுதிதானே?"

"என் அனுபவத்துல இவ்வளவு அழகான மேட்டைப் பாத்ததே இல்லம்மா."

"அப்ப கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் திரையையே பாருங்க."

பார்த்தார்கள். புடைப்பு மெல்ல வற்றியது. கொப்புளம் அமுங்குவதுபோல் அமுங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. திரை முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம்.

"கை சூடு பட்டா கண்ணாடி வீங்கும், ஆறினா அடங்கிடும். அது மேடு இல்ல அத்தான், உங்க கட்டைவிரல். பேச்சு கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு இல்ல?"

யாரோ களுக்கென்றார்கள். தலைவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க."

"பிழை... இல்ல."

"மைக்ல சொல்லுங்க அத்தான். பின்னாடி எங்க அக்காவுக்குக் கேக்கலையாம்."

மைக்கில் சொன்னார். பின்வரிசையில் அக்காள் சிரித்தாள். இந்த முறை கைக்குட்டையைத் தேடவில்லை.