மல்லாந்து விழ வேண்டிய வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை மதியம் டெர்வ்லாவின் பின்மண்டை இரும்புத் தூணில் மோதியபோது, அவளைத் தள்ளியது அவளுடைய தங்கை ப்ரோனாதான். தள்ளுவதுதான் அன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. தூணைச் சுற்றிக் கட்டியிருந்த மெத்தை ஒரு சாண் அளவுக்கு இறங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

டெர்வ்லா உடனே எழுந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். முதலுதவிக்காரி ஹேசல் மட்டும் கைதட்டாமல் ஒரு படிவத்தை எடுத்தாள்.

பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில், ஒரு காலத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்த கொட்டகையில் அந்தப் படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண் போலீஸ் அதிகாரியை அவளுக்கே தெரியாமல் பதினொரு நகல் எடுத்துவிடுகிறார்கள். அவள் ஒவ்வொரு நகலாகத் தேடிப் பிடித்துச் சண்டை போடுகிறாள். கடைசி நகல் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து சாகிறது. அசலாகவும் நகலாகவும் நடிப்பது ஒரே நடிகைதான். ஆனால் அந்த நடிகை மாடிப்படியில் உருள மாட்டாள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய மாட்டாள். அசலுக்கு டூப் ப்ரோனா, நகலுக்கு டூப் டெர்வ்லா. இருவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். டெர்வ்லா பத்தொன்பது நிமிஷம் மூத்தவள். நடிகையின் முகத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் இருவர் மேலும் ஒட்டிக்கொள்வார்கள்.

இருவரில் யார் யார் என்று படப்பிடிப்பில் யாருக்கும் தெரியாததால், ப்ரோனாவின் மணிக்கட்டில் நீலப் பட்டையும் டெர்வ்லாவின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையும் ஒட்டியிருந்தார்கள். டீ கொடுப்பவன் தினமும், "அசலுக்கு ஒரு கப்பு, நகலுக்கு அரை கப்பு" என்பான். முதல் வாரம் சிரித்தார்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஒரு விதி இருந்தது. மூன்று நாள் காலையில் ஹேசலின் வண்டிக்குப் போக வேண்டும். அவள் பத்து வார்த்தை சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். படம் தொடங்கிய முதல் நாளே எல்லோருக்கும் இந்தச் சோதனையை வைத்து மதிப்பெண் குறித்திருந்தார்கள். அதைவிட மோசமாகச் செய்தால் இரண்டு வாரம் வேலை கிடையாது.

வெள்ளிக்கிழமைதான் அந்தக் கடைசி நகல் விழ வேண்டிய நாள்.

கதையில், 'அவள் விழுகிறாள்' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை டெர்வ்லா இரண்டு மாதம் மனதில் வைத்துக்கொண்டிருந்தாள். நகல் கத்தக் கூடாது, கையைக் காலை உதறக் கூடாது. களைத்துப்போனவள் நாற்காலியில் சாய்வதுபோல மல்லாந்து பின்னால் சாய வேண்டும், பதினைந்து மீட்டர். ஸ்டண்ட் மாஸ்டர் லோர்கனுக்கு அது பிடித்துப்போய், அவர் டைரக்டரிடம் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். பதினொரு வருஷமாக டெர்வ்லா மற்றவர்களின் முகங்களுக்காக விழுந்துகொண்டிருந்தாள். இதிலும் முகம் அவளுடையதல்ல. விழுவது மட்டும் அவளுடையது.

அன்று மாலை ஓர்மோ சாலையிலிருந்த வீட்டில் டெர்வ்லா சமையலறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ப்ரோனா விளக்கைப் போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேசையில் சோடா ரொட்டி இருந்தது. அதன் மேல் ஏற்கெனவே வெண்ணெய் தடவியிருந்தது. டெர்வ்லா மறுபடியும் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஹேசல்கிட்ட நீ போ" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்குப் பதிலா. பட்டையை மாத்திக்கலாம்."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப நீயே போயேன்."

டெர்வ்லா சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல எனக்காகக் கணக்குப் பரீட்சை எழுதினவதானே நீ? இப்ப என்ன புதுசா நியாயம் பேசுற?"

"அதுல நீ ஃபெயிலானா மண்டை உடையாதுடி."

"மூணு நாள்தான் ப்ரோனா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும். உனக்குத் தெரியாதா என்னை?"

ப்ரோனாவுக்குத் தெரியும். அக்கா தன்னிடம் எந்த விஷயத்துக்கும் நான்கு முறைக்கு மேல் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை என்பதும் தெரியும். இந்த முறை ஒரு முறையே போதுமாக இருந்தது, ஏனென்றால் தள்ளியது ப்ரோனா.

புதன்கிழமை காலை ப்ரோனா மஞ்சள் பட்டையோடு ஹேசலின் வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். பத்து வார்த்தைகளையும் ஒப்பித்தாள். மாதங்களைப் பின்னாலிருந்து தடங்கலில்லாமல் சொன்னாள். ஹேசல் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"முதல் நாள் ஆறு வார்த்தைதானே கண்ணு சொன்ன? அடிபட்டதும் புத்தி வந்துருச்சா? தெரிஞ்சிருந்தா நானே முன்னாடி ஒண்ணு போட்டிருப்பேனே."

ப்ரோனா சிரித்து வைத்தாள். வெளியே வந்து உடை வண்டிக்குப் பின்னால் டெர்வ்லாவைப் பிடித்தாள்.

"ஆறா? நீ ஆறுதான் சொன்னியா?"

"வேணும்னேதான். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. முதல் நாள் கொஞ்சம் மண்டு மாதிரி இருந்துக்கணும். அப்புறம் நிஜமாவே மண்டு ஆனாலும் மார்க்கு இடிக்காது. நீ எவ்வளவு சொன்ன?"

"பத்து."

"சொல்லுவ, சொல்லுவ. முதல் பெஞ்சு! நாளைக்கு ஏழோட நிறுத்து."

வியாழக்கிழமை ப்ரோனா ஏழோடு நிறுத்தினாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது கொஞ்சம் ஆடியும் காட்டினாள். ஹேசல் திருப்தியோடு குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை ப்ரோனா அக்காவைச் சமையலறையில் உட்கார வைத்துப் பத்து வார்த்தை சொன்னாள். ஏணி, உப்பு, தொப்பி, ஆறு, குதிரை, மணி, கம்பளி, ஜன்னல், விரல், பாலம். பிறகு தண்ணீர் கொதிக்க வைத்தாள், டீ போட்டாள், இரண்டு கோப்பையையும் மேசையில் வைத்தாள்.

"இப்ப சொல்லு."

"ஏணி" என்றாள் டெர்வ்லா. "உப்பு." வெகு நேரம் கழித்து, "கடல்."

"கடல் இல்ல."

"இருந்துச்சு."

"ஒத்தக் கால்ல நில்லு."

டெர்வ்லா எழுந்து கண்ணை மூடினாள். காலைத் தூக்கியதுமே அவள் கை ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டது. கை அங்கே போனது அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"நான் அங்க வார்த்தை சொல்லப் போறதில்ல, விழப் போறேன்" என்றாள். "விழுறதுக்கு வார்த்தை எதுக்குடி?"

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காற்று மெத்தையின் நடுவில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். உச்சியில் கால் ஒரு நொடி தடுமாறினால் உடம்பு அந்தக் குறியை விட்டு விலகும். கொஞ்சம் அதிகமாக விலகினால் அங்கே சிமென்ட் தரை. சரியாகவே விழுந்தாலும் தலை ஒரு முறை குலுங்கும். ஏற்கெனவே குலுங்கிய தலை இரண்டாம் முறை குலுங்கினால் என்ன ஆகும் என்பது ஹேசலின் வண்டிக் கதவிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது.

"டீ ஆறிப்போகுது, குடி" என்றாள் ப்ரோனா.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலப் பட்டைகளை மாற்றிக்கொண்டார்கள்.

"இன்னைக்கும் ஏழு" என்றாள் டெர்வ்லா.

ஹேசல் பத்து வார்த்தை சொன்னாள். ப்ரோனாவுக்குப் பத்தும் நினைவிருந்தன. அவள் இரண்டைச் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு பட்டியலில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். மாதங்களில் டிசம்பர், நவம்பர், அக்டோபர் வரை வந்துவிட்டு ஜூனுக்குத் தாவினாள். எழுந்து நின்று கண்ணை மூடிக் காலைத் தூக்கினாள். விழுவது அவளுக்குத் தொழில். ஆனாலும் இவ்வளவு அக்கறையாக அவள் எந்தப் படத்துக்கும் விழுந்ததில்லை. மருந்துப் பெட்டிகள் சிதறின.

"தலை வலிக்குது" என்றாள் தரையிலிருந்து.

ஹேசல் அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. "போதும் கண்ணு. நீ இன்னைக்கு ஏறப்போறதில்ல. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்குச் சொல்றேன்" என்று வாக்கி டாக்கியை எடுத்தாள்.

உடை வண்டிக்குப் பின்னால் டெர்வ்லா பட்டையை மாற்றக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏழா?"

"ரெண்டு" என்றாள் ப்ரோனா. "அதோட பட்டியல்ல இல்லாதது ஒண்ணு. நேத்து நீ சொன்ன மாதிரியே."

டெர்வ்லாவின் கை அப்படியே நின்றது. கத்துவாள் என்று ப்ரோனா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"திருடி" என்றாள்.

"என்னத்தைத் திருடினேன்?"

"இப்ப அவங்க யாரை ஏத்துவாங்கன்னு நினைக்கிற? அளவு ஒண்ணு, உடை ஒண்ணு. லண்டன்ல இருந்தா ஆள் கூப்பிடுவாங்க?"

அதுவரை ப்ரோனா அதை நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையிலேயே நினைக்கவில்லையா என்று பிற்பாடு பல முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை.

"நான் போய்ச் சொல்றேன்" என்றாள் டெர்வ்லா. "உள்ள வந்தது நான் இல்ல, இவதான்னு."

"சொல்லு. அப்புறம் உன்னை உக்கார வச்சு நிஜமா டெஸ்ட் எடுப்பாங்க."

டெர்வ்லா நீலப் பட்டையை உரித்துக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பட்டையைப் பிடுங்கித் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள். முதல் முறை கோணலாக ஒட்டிவிட்டு மறுபடியும் எடுத்து ஒட்டினாள்.

லோர்கன் அங்கேயே வந்துவிட்டார். பின்னால் ஹேசல்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா, ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டெர்வ்லாவிடம். பிறகு நீலப் பட்டையைப் பார்த்துத் திரும்பினார். "ப்ரோனா, நீ ஏறுறியா?"

"அவ சொல்லட்டும் மாஸ்டர்."

எல்லோரும் டெர்வ்லாவைப் பார்த்தார்கள். அவள் கொட்டகைக்குள் தெரிந்த பச்சைத் திரையையும் அதன் உச்சியிலிருந்த மேடையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறட்டும்" என்றாள். "ஆனா ஓகே சொல்றது நான்தான். டைரக்டர் இல்ல. நீங்களும் இல்ல."

லோர்கன் தாடையைச் சொறிந்தார். "சரி. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒரு மணி வரைக்கும்தான். அதுவும் என் கண் முன்னாடி உக்காந்து" என்றாள் ஹேசல்.

ப்ரோனா முதல் முறை விழுந்தபோது டைரக்டர் எழுந்து கைதட்டினார். டெர்வ்லா நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

"இல்ல. கை விரிஞ்சுருச்சு. இன்னொண்ணு."

ப்ரோனா மறுபடியும் ஏணியில் ஏறினாள். அறுபத்திரண்டு படி. இரண்டாம் முறை கையை உடம்போடு சேர்த்தே வைத்திருந்தாள்.

"பயம் தெரியுது" என்றாள் டெர்வ்லா.

"முகம் வேற ஆளுதும்மா, அப்புறம்தான் ஒட்டுவாங்க" என்றார் லோர்கன்.

"பயம் முதுகுலயும் தெரியும் மாஸ்டர். இன்னொண்ணு."

மூன்றாவது முறை அழகாக விழுந்தாளாம். அழகு வேண்டாமாம். நான்காவதுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. "இன்னொண்ணு" என்றதோடு சரி. காற்று மெத்தைக்குக் காற்றடிக்கும் ஷேமஸ், "பாவம், நகலை எத்தனை தடவைதான் கொல்லுவீங்க? சினிமாவுலயே ஒரு தடவைதானே சாகுது!" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாவது முறை எழுந்து வந்த ப்ரோனா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அக்காவின் பக்கம் பார்த்தாள். அக்கா தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள்.

ஆறாவது முறை உச்சியில் நின்றபோது ப்ரோனாவுக்குக் கால் வலித்தது. தோள் வலித்தது. இனி அவளுக்கு டெர்வ்லாவிடம் நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை. நன்றாக விழ வேண்டும் என்ற ஆசையும் எந்தப் படியிலோ கழன்றுவிட்டது. உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. பின்னால் நாற்காலி இருப்பதுபோல அவள் உட்கார்ந்தாள். கூரையின் விளக்குகள் நிதானமாக மேலே போயின.

மெத்தை பெருமூச்சு விட்டு அடங்கியது. லோர்கன் திரும்பினார். டெர்வ்லா இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

"நாலாவதுல இருந்தே இப்படித்தான்" என்றாள் ஹேசல் மெதுவாக. "லைட்டைப் பாக்க முடியல அவளால."

"பாக்கவே இல்லையா?" என்றார் லோர்கன். "அப்ப எப்படிம்மா சொல்லுவ?"

"கேட்டேன்" என்றாள் டெர்வ்லா, கையை எடுக்காமலே. "மத்ததெல்லாம் ரெண்டு சத்தம். முதல்ல முதுகு, அப்புறம் காலு. இது ஒரே சத்தம்."

"அப்ப ஓகேவா?"

"ஓகே."

அவள் எழுந்தாள். இரண்டடி வைத்ததும் தரை சாய்ந்ததுபோல ஒரு பக்கம் போனாள். ஹேசல் பிடித்துக்கொண்டாள். மெத்தையிலிருந்து இறங்கி ஓடி வந்த ப்ரோனா மறுபக்கம் வந்து கையைக் கொடுத்தாள். டெர்வ்லா அந்தக் கையை வாங்கிக்கொள்ளவில்லை, தட்டிவிடவும் இல்லை.

"இவளையும் வண்டியில ஏத்துங்க ஹேசல்" என்றாள். "ஆறு தடவை விழுந்திருக்கா, இவளுக்கும் டெஸ்ட் வைங்க. இந்தத் தடவையாவது அவ பேருல அவ எழுதட்டும்."

ஹேசல் நடப்பதை நிறுத்தினாள். மஞ்சள் பட்டையைப் பார்த்தாள், நீலப் பட்டையைப் பார்த்தாள், பிறகு இருவரின் முகங்களையும் வெகு நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க" என்றாள். "வழியில பேசிக்கலாம்."