உப்பும் தேங்காயும்

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு அலமாரியைக் காலி செய்தாள் ஜோசப்பின். ஜேம் போத்தல், டின் பால், கிறீம் பிஸ்கட், ஹட்டனில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் வாங்கிய சோசேஜ் டின்கள், பாதி தின்ற பேக்கரிப் பாண் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, பக்கத்துக் காம்பரா வீட்டுப் பூரணியிடம் கொடுத்துவிட்டாள். பூரணியின் பிள்ளைகள் ஐந்தும் துள்ளிக் குதித்தன.

வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் அவள் புருஷன் கஸ்பருக்குப் போன மாதம் வளைவில் திடீரென்று கண் மங்கி, முன் சக்கரம் ரோட்டோரக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சீனி வியாதி என்றார்கள். பாணையும் டின் சாமானையும் இனிப்பையும் விட்டுவிட்டுக் குரக்கன் தானியமும் கீரையும் சாப்பிடாவிட்டால் கண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துத் துரை இரண்டு மாதத் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பார்வை தெளியாவிட்டால் லொறி வேறு ஆளுக்கு.

கஸ்பர் அந்தக் கடைச் சாமான்கள்மீது வைத்திருந்த ஆசை ஜோசப்பினுக்குப் புதிதல்ல. கலியாணமாகி மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட வீட்டில் பாண் இல்லாமல் இருந்ததில்லை. முந்திய நாள் பாண் அப்படியே கிடந்தாலும் இன்னொன்று வாங்கி வருவான். காய்ந்தது கோழிக்குப் போகும். டின்களின் படம் வெளியே தெரியும்படி அடுக்கி, கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். சின்னப் பிள்ளை மாதிரி என்று அவள் சிரித்திருக்கிறாள்.

மத்தியானம் குரக்கன் கூழைக் கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் காலி அலமாரியைப் பார்த்தான். கூழைப் பார்த்தான். கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

கோபம் என்றால் கத்துவான். இது கோபமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். லய வீட்டு வரிசைக்குக் கீழே, பீலித் தண்ணீர் விழும் இடத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெரேசான்னு ஒரு தங்கச்சி இருந்துச்சு, புள்ள. எழுபத்து நாலு பஞ்சத்துல செத்துப்போச்சு."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரேசன் மாவ வெட்டிட்டாங்க. கடையில பாண் இல்ல. அம்மா எங்கெங்கயோ அலைஞ்சு ஒரு சுண்டு குரக்கன் கொண்டாந்துச்சு. அதத் தண்ணியில கரைச்சு நான்தான் ஊட்டுவேன். வேணாண்ணே, பாண் வாங்கித் தாண்ணேன்னு மூஞ்சத் திருப்பிக்கும். ஒருநா விடியறதுக்கு முன்னுக்கே போயி கட வாசல்ல நின்னேன். என் முற வர்றதுக்குள்ள தீந்து போச்சு. வெறுங்கையோட வந்தேன். அந்தக் கிழமையே..."

குனிந்து பீலியில் முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல ஜோசப்பினுக்கு வாய் வரவில்லை. டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் மனம் வரவில்லை. அந்த டின்கள் அடுக்கியிருந்த வரிசை மட்டும் கண்ணுக்குள் நின்றது. கேட்டாள்:

"அந்தக் கூழுல என்னங்க போட்டீங்க?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அவன் பார்த்தான். "என்னத்தப் போடுறது? உப்புக்கூட இல்ல. தேங்காயக் கண்ணாலயும் பாக்கல."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அவள் கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்து, ஒரு முழுத் தேங்காயைத் துருவி, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்துபோட்டு, உப்புப் பார்த்துக் குரக்கன் மாவைப் பிசைந்தாள். ஓடைக்கரையில் பறித்த வல்லாரையைச் சம்பல் போட்டாள். நெத்தலியை வறுத்தாள். ரொட்டி வேகும் வாசனைக்குப் பூரணியின் கடைக்குட்டி வாசலில் வந்து எட்டிப் பார்த்தது.

கஸ்பர் உள்ளே வந்தபோது அலமாரியின் நடுவில் ஒரு பாண் இருந்தது. முழுசாக, புதுசாக.

"இந்த வீட்டுல பாண் இல்லாம இருக்காதுங்க. நான் வாங்கி வச்சுருவேன்," என்றாள் ஜோசப்பின், அடுப்பைப் பார்த்தபடியே. "வேணும்னா அத எடுத்துக்குங்க. நான் இதத்தான் திங்கப் போறேன்."

தனக்கென்று ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டாள். சூடு பொறுக்காமல் ஊதினாள். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரியவில்லை. உட்காரும் பலகை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தட்டு.

ஒரு வாய். நெத்தலி கடிபடும் சத்தம். இன்னொரு வாய்.

"இது தெரேசாவுக்குப் புடிச்சிருக்கும்," என்றான் கஸ்பர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த உருண்டையைக் கல்லில் வைத்து விரல்களால் மெல்லத் தட்டினாள். கருஞ்சிவப்பு மாவு அகன்று விரிய, அதன் ஓரங்களில் தேங்காய்ப் பூ ஒவ்வொன்றாகப் பொன்னிறம் ஏறிக்கொண்டு வந்தது.