மூன்றாம் இருக்கையின் மூச்சு

சிகரெட்டை விட்டால் மூச்சு தானாகத் திரும்பிவிடும் என்று மெரெபெகாவிடம் எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் வாயில் பொரிருவா விரிகுடாவின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் விட்டவள் அவள். இப்போது வசந்தம் வந்துவிட்டது. இருமல் போயிற்று, பன்றி எலும்புக் குழம்பின் ருசி கூடிற்று. படகில் ஏறினால் மட்டும் பாதி வழியிலேயே மூச்சு காலை வாரிவிட்டது.

ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து துடுப்புப் போடும் வாக்கா என்ற நீளப் படகு அது. மூன்றாம் இருக்கைக்காரி "ஹப்!" என்று குரல் கொடுத்தால்தான் எல்லோரும் துடுப்பை மறுபக்கம் மாற்றுவார்கள். மெரெபெகாவின் இருக்கை அது. செவ்வாய்க்கிழமை நடு விரிகுடாவில் அவளுக்குக் குரலே வரவில்லை. பாதிப்பேர் மாற்ற, மீதிப்பேர் மாற்றாமலிருக்க, துடுப்புகள் முட்டிக்கொண்டன.

கடைசி இருக்கையில் படகைத் திருப்பும் பாரெஹுயா, மெரெபெகாவின் அண்ணன் மனைவி. உறவெல்லாம் கரையோடு சரி.

"என்னடி, குரலக் கரையிலேயே வச்சுட்டு வந்துட்டியா?"

"மூச்சு நிக்க மாட்டேங்குது அண்ணி."

"சனிக்கிழமை பந்தயம். வெள்ளிக்கிழமை ஒத்திகையிலயும் இப்படின்னா, அஞ்சாவதுல இருக்கற காஹு மூணாவதுல உக்காருவா."

அவளுக்கு முன் இருக்கையில் இருந்த புட்டி சிரித்தாள். "சிகரெட்டும் போச்சு, சீட்டும் போச்சு. உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணா கதையால்ல இருக்கு உன் பாடு!"

மெரெபெகாவுக்கு அழுகை முட்டியது. அந்த இருக்கைக்காகத்தானே அந்தச் சனியனை விட்டாள்?

புதன்கிழமை ஊர் மன்றத்தில் விருந்தாளிகளுக்கு வரவேற்பு. பெரியவர் பேசி முடித்ததும் பெண்கள் எழுந்து அவருக்குத் துணையாகப் பாடினார்கள். செத்த முன்னோரை நினைக்கும் நீளமான பழைய ஒப்பாரி; விருந்தாளி வந்தால் அதைப் பாடுவது அங்கே வழக்கம். நடுவில் அறுந்தால் அபசகுனம். அதனால் ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் இடத்தில் மூச்செடுப்பாள். ஒருத்தி நிறுத்தும் இடத்தை மற்றவர் குரல் மூடிவிடும்.

பாதிப் பாட்டில் மெரெபெகாவுக்குப் பொறி தட்டியது. அட, எனக்கு மூச்சு இளைக்கவே இல்லையே! அதே நெஞ்சுதானே? பாடிக்கொண்டே தன்னைத்தானே வேவு பார்த்தாள். உள்ளிருப்பது காலியாகும்வரை பாடுகிறாள். பிறகு வாய் சற்றே மூடுகிறது. காற்று, கூப்பிடாத விருந்தாளி மாதிரி, தானே உள்ளே வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து துடைப்பத்தைத் துடுப்பாகப் பிடித்தாள்.

"எந்த ஊருக்குக் கிளம்பிட்ட?" என்றான் கணவன் ஹோஹெபா.

"சும்மா இருங்க. நெஞ்சு என்ன பண்ணுதுன்னு பாக்கறேன்."

துடைப்பத்தை ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு. பிடிபட்டுவிட்டான் திருடன். அடுத்த "ஹப்"புக்கு வேண்டுமே என்று மூச்சை இழுத்துப் பூட்டிவைத்திருந்தாள்! வருஷக்கணக்காகப் புகையை உள்ளே நிறுத்தி ருசி பார்த்த நெஞ்சுக்கு வேறென்ன தெரியும்? பழைய காற்று சட்டமாக உட்கார்ந்திருந்தால் புதுக்காற்று எங்கே உட்காரும்?

"அடி சண்டாளி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, துடைப்பத்தை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உதடு குவித்து நீளமாக ஊதினாள். இரண்டு நாளும் அடுக்களையில் அதே வேலைதான்.

வெள்ளிக்கிழமை வடகாற்று எதிரில் அடித்தது. வழக்கமாகக் குரல் நின்றுபோகும் இடம் வந்ததும் நெஞ்சு பழையபடி பூட்டிக்கொள்ளப் பார்த்தது. பயமாக இருந்தது. விட்டுத்தொலை, விட்டால்தான் வரும் என்று மனதுக்குள் அதட்டிக்கொண்டு ஊதினாள். மூச்சின் வாலைப் பிடித்துக்கொண்டே "ஹப்!" வந்தது. ஆறு துடுப்பும் ஒன்றாக மாறின. கரை வரும்வரை ஒரு குரலும் தவறவில்லை.

"காஹு, நீ அஞ்சாவதுலயே இரு," என்றாள் பாரெஹுயா.

"அப்பாடா, அந்தக் கத்தல் யாருக்கு வேணும்!" என்றாள் காஹு.

புட்டி கழுத்தைத் தடவியபடி திரும்பினாள். "வழியெல்லாம் என் கழுத்துல ஊதினது நீதானாக்கா?"

"மன்னிச்சுக்கடி. நாளைக்கு வேணா தலையத் திருப்பி ஊதறேன்."

"வேண்டாம். நீ அத விடறவரைக்கும் இத்தன வருஷமா இந்தக் கழுத்துல சிகரெட் நாத்தம்தான் வந்துச்சு. உன் மனசு நோகுமேன்னு நான் வாயத் தொறக்கல. விட்டப்புறம் ஒண்ணுமே வரல. இன்னிக்குத்தான் வெறும் காத்து வந்துச்சுக்கா. நாளைக்கும் அப்படியே ஊது."

மெரெபெகாவின் நெஞ்சில் மூச்சு நிறைய இருந்தது. புட்டியின் தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தக் கழுத்தில் இன்னொரு முறை நீளமாக ஊதினாள்.