பதினைந்தாவது வரிசை

"மேடைகிட்ட யாரும் வரப்படாதுன்னு சபாக்காரா சொல்லிட்டா. ஃபிளாஷும் கூடாதாம். பதினஞ்சாவது வரிசைக்குப் பின்னால நின்னுண்டு எடுக்க முடியுமா, சந்திரிகா?" என்று கேட்டார் அனந்தராமன். மயிலாப்பூரில் அவர் நடத்திய இசைப் பத்திரிகைக்குச் சந்திரிகாதான் புகைப்படக்காரி.

பக்கவாதத்தில் இடது கை விழுந்து, மூன்று வருடம் கழித்து வயலின் காமாக்ஷி மறுபடி மேடையேறும் கச்சேரி அது. இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"எடுக்கிறேன் சார். ஆனா என் லென்ஸ் அவ்வளவு தூரம் எட்டாது. வேற வாங்கணும்."

பாண்டி பஜாரில் கேமரா கடை வைத்திருந்த அப்துல் வஹீத் இரண்டு ஜூம் லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று புதிது, கைக்கு அடக்கம். மற்றது பழையது, வாய் அகலம், ஒன்றரைக் கிலோ.

"சின்னதை எடுத்துக்கமா. தூரமும் ஜாஸ்தி இழுக்கும். பெருசு அம்மிக்கல்லு மாரி கீது, உன்னால தூக்கினு நிக்க முடியாது."

"ரெண்டையும் ஒரு நாள் குடுங்க பாய். பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் ஒரு சபாவின் மதியக் கச்சேரியில் கடைசி வரிசையில் நின்று, இரண்டிலும் பாதிப் பாதி ரோல் எடுத்தாள். வீட்டுக் குளியலறையில் கழுவிப் பார்த்தாள். சின்ன லென்ஸில் மிருதங்கக்காரரின் விரல்கள் புகையாய்க் கலைந்திருந்தன. பெரியது நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டதால், அதில் விரல்கள் தனித்தனியாக நின்றன. ஆனால் அதிலும் பாதிப் படங்கள் கை ஆடிக் கெட்டிருந்தன.

"பெருசே இருக்கட்டும் பாய்."

"கை நடுங்குமேமா?"

"கையைப் பழக்கிக்கலாம். அரங்கத்துல இல்லாத வெளிச்சத்துக்கு எங்க போறது?"

அன்றுமுதல் தினமும் காலையில் மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று, ரயிலிலிருந்து இறங்குபவர்களைப் படச்சுருள் இல்லாமலேயே குறிபார்த்தாள். வேடிக்கை பார்த்தவர்களை அவள் பொருட்படுத்தவில்லை. முதல் நாள் மணிக்கட்டு வீங்கியது. எட்டாம் நாள் முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, லென்ஸை ஆடாமல் பிடிக்க வந்துவிட்டது.

கச்சேரியன்று பதினைந்தாவது வரிசைக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றாள். காமாக்ஷியின் இடது கை முதலில் தயங்கியது. ஒரு ஸ்வரம் பிசகியது. அரங்கம் அசையாமல் இருந்தது. அவர் மீண்டும் அதே இடத்துக்கு வந்து அந்த ஸ்வரத்தைப் பிடித்தபோது, சந்திரிகா பொத்தானை அழுத்தினாள்.

"முகம் மங்கலா இருக்கே?" என்றார் அனந்தராமன், படத்தைப் பார்த்து.

"விரல் தெளிவா இருக்கு சார். அதுதான் அட்டையில வரணும்."

அவர் படத்தை விளக்கடியில் பிடித்து விரல்களைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

இதழ் வந்த அன்று காமாக்ஷியே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "இதை எடுத்தது யாரு? அன்னிக்கு யாரும் எடுத்த மாதிரியே தெரியலையே! அடுத்த கச்சேரிக்கும் அவாளையே அனுப்புங்கோ."