தள்ளுகட்டை

பரணிலிருந்து இறக்கிய ஆறாவது பலகையையும் முற்றத்தில் கிடத்தியபோது அது தொட்டில் மாதிரி ஆடியது. சவேதா அதன்மேல் காலை வைத்து அழுத்தினாள். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பியது. அவள் கணவர் இலாரியே தன் சவப்பெட்டிக்கென்று பத்து வருஷத்துக்கு முன்பே வாங்கிப் போட்டிருந்த பலகைகள். கூரைச் சூட்டில் எல்லாமே முறுக்கிக்கொண்டுவிட்டன. மனிதர் உள்ளே மேஜைமேல் தாடையைத் துணியால் கட்டிக் கிடக்கிறார். நாளை மதியம் அடக்கம்.

ஊரில் பெட்டி செய்கிறவன் ஒருவன்தான். அவருடைய தம்பி நிச்சிபோர். பதினெட்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவன்.

டவுனில் கடைப்பெட்டி வாங்கிவிடலாமே என்றாள் பக்கத்து வீட்டு ரவேகா. சவேதா கேட்கவில்லை. பக்கவாதத்தில் நாக்கு குழறிய நிலையிலும் நேற்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் தம்பி செய்யட்டும். சாகும்போதுகூட இந்த மனுஷனுக்கு அடுத்தவரைத் தூது அனுப்பத்தான் தெரிந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கறுப்பு முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நிச்சிபோர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே கதவைத் திறந்தான். அந்தக் கையைப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. மரத் தொழிற்சாலையில் இழைப்பு மெஷின் நடு விரல்கள் மூன்றையும் தின்றுவிட்டது. பிளேடை மூடியிருந்த தடுப்பைக் கழற்றிப் போட்டது, அங்கே மெக்கானிக்காக இருந்த இலாரியேதான். வேலை வேகமாக ஓடட்டும் என்று. விசாரணையில், தம்பியே கழற்றினான் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு வேலை போனது, அண்ணனுக்கு நிலைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் சவேதாவும் சாப்பிட்டாள். தெரிந்தேதான் சாப்பிட்டாள்.

பலகைகள் முறுக்கியிருப்பதைச் சொன்னாள். இழைப்புளி வைத்துச் சீவினால் இரண்டு நாள் ஆகும் என்றான் அவன்.

"மெஷின் இருக்கு. அவர் சரிபண்ணி வச்சிருக்கார்."

"என்னையே மெஷின்ல நிக்கச் சொல்றீங்களா, அண்ணி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செத்தவனுக்குப் பெட்டி இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அந்த ஊர்த் தச்சர்களின் வழக்கம். அதற்காகவோ என்னவோ, வந்தான். வந்தவன் பிணம் கிடந்த அறைக்குள் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போனான்.

தொழிற்சாலையை மூடியபோது பழைய இரும்பென்று விற்ற மெஷினை இலாரியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு குளிர்காலம் அதோடேயே கிடந்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினார், பேரிங் மாற்றினார், மேல்தட்டு இரண்டையும் மட்டம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். விறகு பிளக்க ஆளில்லை, இரும்புக்கு எண்ணெய்க் குளியலா என்று சவேதா ஏசியிருக்கிறாள். அவர் வாயைத் திறந்ததில்லை. ஒரு பலகைகூட அதில் இழைத்ததும் இல்லை.

நிச்சிபோர் தார்ப்பாயை விலக்கினான். பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவினான்.

"இதே மெஷின்தான்," என்றான்.

இது சவேதாவுக்குத் தெரியாது.

அவன் குனிந்து பார்த்தான். விரல்களைத் தின்ற பழைய சதுர பிளேடுத் தண்டு இல்லை. புது வட்ட உருளை, அதில் சின்னச் சின்ன பிளேடுகள் வரிவரியாகச் சுற்றியிருந்தன. மேலே புதுத் தடுப்பு. பலகை போனதும் தானாக மூடிக்கொள்ளும். அதன் போல்ட்டுத் தலைகளை வெல்டு வைத்து அடைத்திருந்தார். இனி யாராலும் கழற்ற முடியாது.

ஜன்னல் விளிம்பிலிருந்த தள்ளுகட்டையைச் சவேதா எடுத்து நீட்டினாள். பலகையை அழுத்தித் தள்ளுவதற்கான கைப்பிடிக் கட்டை. கோணலாக இருக்கிறதே என்று போன வாரம் அடுப்பில் போடப் போனவளிடமிருந்து அவர் பிடுங்கி வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் கட்டைவிரலுக்கு ஒரு குழி, மறு ஓரத்தில் சுண்டுவிரலுக்கு ஒரு குழி, நடுவில் ஒரு மேடு.

நிச்சிபோர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்துக் கட்டையின்மேல் வைத்தான். விரல்கள் இல்லாத இடத்தில் மேடு வந்து உட்கார்ந்தது. காற்று போக இடமில்லை.

"நாலு வீடு தாண்டி இதைக் கொண்டுவந்து குடுக்க உங்க வீட்டுக்காரருக்குக் கால் இல்லையா?"

"நானும்தான் வரல," என்றாள் சவேதா.

அவன் முற்றத்திலிருந்து முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷின்மேல் வைத்தான்.

"சுவிட்சைப் போடுங்க அண்ணி."

பெட்டி இழைத்த சீவலைத்தான் பிணத்துக்குத் தலையணையாக அடைப்பார்கள், அடுப்பில் போடமாட்டார்கள். இந்த மெஷினில் சுருள்சுருளாக விழவில்லை, அவல் மாதிரி உதிர்ந்தது. சவேதா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி உறையில் திணித்தாள். அடைக்க அடைக்க உறை நிரம்பவில்லை. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் மூடி போடும் நேரம். தொப்பியும் சீப்பும் உள்ளே வைத்தாயிற்று. அவர் கையால் கடைசியாகச் செய்த சாமான் அந்தக் கட்டைதான், அதையும் கூட அனுப்பிவிடு என்று ரவேகா சொன்னாள். சவேதா கொட்டகைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில் இல்லை. மெஷின்மேலும் இல்லை.

முற்றத்தில் பெட்டி தூக்குகிறவர்களுக்குச் சற்றுத் தள்ளி நிச்சிபோர் நின்றிருந்தான். வழக்கம்போல வலது கை கோட்டுப் பைக்குள். பை புடைத்திருந்தது.

அவள் உள்ளே வந்தாள்.

"கிடைக்கல," என்றாள். "மூடிடுங்க."