சந்துப் பக்கம் தாராளமாகத் திரும்பும்

1

இந்தக் கதை என்னிடம் வெற்றிக் கதையாகத்தான் வந்து சேர்ந்தது. உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருச் சங்கத்தின் செயலாளர் அவர். நான் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"தெரு முனையில பெரிய சூப்பர் மார்க்கெட். லாரியெல்லாம் நம்ம வாசல் வழியாத்தான் போகும்னாங்க. விட்டுடுவோமா? விரட்டிட்டோம்ல!"

அப்போது எங்கேயோ ஒரு லாரி பின்னால் நகரும் பீப் பீப் சத்தம் கேட்டது. "அது என்ன?" என்றேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

சாத்தாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மிச்சத்தைக் கொஞ்சம் கேட்டும் கொஞ்சம் கற்பனை செய்தும் எழுதுகிறேன்.

2

முதல் வரி: "கியர் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே..." அடித்துவிட்டேன். போஸ்டர் வாசகம் போல இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: "காற்றில் ஒரு..." சே! காற்றில் ஒன்றுமில்லை.

நேராகவே சொல்கிறேன். கியர் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். தெருவில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். ஆனால் வெறும் திட்டோடு விடுகிற ஆள் இல்லை. "இப்படித் திருப்பாதே" என்ற அதே மூச்சில் "இப்படித் திருப்பு" என்று காட்டிவிடுவாள். தப்பைச் சொல்லிவிட்டுச் சரியைச் சொல்லாமல் போனால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

(இந்தக் குணத்தைப் பாராட்டித்தான் எழுதினேன். பாராட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.)

3

தெரு முனையில் பிரிகிற சந்தின் ஓரத்து வீட்டில் ஒரு நர்ஸ். தனியாக இருக்கிறாள், நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுவாள். படுக்கையறை ஜன்னல் சந்தைப் பார்த்தபடி இருக்கும். அதனால் அந்த நேரத்தில் சந்துக்குள் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எழுதப்படாத சட்டம். சட்டம் போட்டவள் கியர் அக்கா.

"என் தங்கச்சி தூங்குறா. ஹாரன்ல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

கூடப் பிறந்த தங்கை இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள். அன்றிலிருந்து தங்கை.

4

சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுமதி தரும் முன் அதிகாரி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார், முற்பகலில். நர்ஸை எழுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"பாவம், தூங்கட்டும். அவளுக்கும் சேர்த்து நான் பேசுறேன்" என்றாள் அக்கா.

பேசினாள் பாருங்கள்! மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்து லாரியாக ஓட்டினாள். "முன் சக்கரம் திரும்பிடும் சார். பின் சக்கரம் மூணாவது வீட்டுச் சுவத்தைத் தின்னுட்டுத்தான் வரும். வேணும்னா நீங்களே ஓட்டிப் பாருங்க." கூட்டம் கை தட்டியது. கம்பெனி இஞ்சினியர் குனிந்து தன் வரைபடத்தையே பார்த்தார்.

(முதல் பிரதியில் கதையை இங்கேயே முடித்துவிட்டேன். செயலாளருக்குப் பிடித்திருக்கும்.)

இஞ்சினியர் சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். பாடம் கேட்கிற குரலில் கேட்டார்: "அப்போ எந்தப் பக்கம்னா திரும்பும் மேடம்?"

"சந்துப் பக்கம் தாராளமா திரும்பும்."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. "இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று இழுப்பதற்குள் அதிகாரி எழுந்துவிட்டார். தெருக்காரர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவரவர் வாசல் தப்பிய நிம்மதி அவரவர்க்கு. யாரோ அவளுக்கு மாலை வாங்கிவர ஓடினார்கள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அந்த ஒரு வரியை அவள் வாயிலிருந்து பிடுங்கிவிட முடியாதா என்றுதான் பார்த்தேன். எழுதுகிறவன் நான்தானே? முடியவில்லை.

5

இப்போது நர்ஸின் ஜன்னலுக்கு நேரெதிரே சரக்கு இறக்கும் கேட். காலையிலிருந்தே லாரிகள். வார்டில் நின்றபடியே அவளுக்குக் கண் சொக்குகிறது. போன வாரம் ஒரு நோயாளிக்கு வேறொருவரின் ஊசியைப் போடப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கே வீட்டை விற்பது என்று முடிவுகட்டினாள்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று தெரு அவளிடம் சொல்லிவைத்தது. அக்காவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

ஒரு முடிவு எழுதினேன்: அக்கா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுகை நன்றாகத்தான் வந்திருந்தது. நம்பத்தான் முடியவில்லை.

இன்னொன்று: வேறு யாரோ நர்ஸிடம் போட்டுக்கொடுக்கிறார்கள்... நடக்காது. சொன்னால், "நீங்கல்லாம் அப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று அவள் கேட்பாளே.

ஆகவே, அவளையே அக்கா வீட்டுக்கு அனுப்பினேன்.

"போறதுக்கு முன்னாடி கம்பெனில ஒரு தடவை பேசிப் பாக்கலாம்னு இருக்கேன்க்கா. எனக்கு அவங்ககிட்ட பேச வராது. நீங்க கூட வர்றீங்களா?"

"இது என்னடி கேள்வி? வராம இருப்பேனா?"

"கேட்டை மாத்த மாட்டாங்க, தெரியும். சந்துப் பக்கம் வைக்கலாம்னு அவங்களுக்கு யாரு சொன்னதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நீங்க கேட்டா மறைக்க மாட்டாங்க."

அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. என்ன வசனம் கொடுத்தாலும் அவளைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன், எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. நீங்களே சொல்லுங்கள், அவள் என்ன சொல்லட்டும்? நர்ஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அக்கா எப்படியும் கேட்டுச் சொல்லிவிடுவாள் என்று நம்பி.